நத்தை குடிவந்த குதிகால்

அந்தக் காலத்தில் நத்தைக்குப் பேச்சு உண்டு. மனுஷருக்கு வலி கிடையாது. தொட்டால் தெரியும், அவ்வளவுதான். தோலுக்கு அடியில் நூல் நூலாக வாய்க்கால்கள் ஓடின. அவற்றில் அயிரை மீன்கள் திரிந்தன. உடம்பில் எங்கே எது பட்டாலும் ஓர் அயிரை துள்ளிக் கிளம்பும். முதுகுத்தண்டில் இருக்கிற சின்ன மடைக்குள் புகுந்து, தலைக்குப் போய், "ஏதோ பட்டது" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். பூ பட்டாலும் அதே சேதி. நெருப்பு பட்டாலும் அதே சேதி. பாவம், அயிரைக்கு அதற்குமேல் சொல்லத் தெரியாது.

கழிமுகத்தை ஒட்டி ஓர் ஊர் இருந்தது. கிளிஞ்சல் அள்ளி, சூளையில் சுட்டு, சுண்ணாம்பு நீற்றுவதுதான் அங்கே எல்லாருக்கும் வேலை. தண்ணீர் ஊற்றினால் சுண்ணாம்பு கொதித்துக் கையிலும் காலிலும் தெறிக்கும். தெறித்தது தெரியும், வெந்தது தெரியாது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வேலை முடிந்து குளித்ததும், வெளிச்சம் போவதற்குள், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவர் உடம்பை ஒருவர் தேடுவார்கள். வெந்த இடத்தைக் கண்டுபிடித்து எண்ணெய் தடவுவார்கள். 'மேல் பார்ப்பது' என்று அதற்குப் பேர்.

"சேவுகண்ணே, உங்க சுண்டுவிரலைக் காணோமே?"

"அது போய் நாலு நாள் இருக்கும் தாயி. நானே நேத்துதான் பார்த்தேன்."

சிரிப்பார்கள். வேறு என்ன செய்ய?

சேவுகனிடம் அப்படிக் கேட்டவள் வடிவாச்சி. சூளையில் கூடை சுமப்பவள். அவள் புருஷன் முதுகில் ஒரு புண் வந்தது. அன்றைக்குப் பார்த்து மேல் பார்க்க மறந்துபோனார்கள். அடுத்த நாளும் மறந்தார்கள். அந்தப் புண்ணோடேயே அவன் போய்ச் சேர்ந்தான். மிச்சம் இருந்தது ஐந்து வயது மகள் கொழுந்து.

ஒரு நாள் சாயங்காலம் கொழுந்தின் குதிகாலில் கிளிஞ்சல் கிழித்திருப்பதை வடிவாச்சி பார்த்தாள். கழுவி, எண்ணெய் விட்டு, துணி சுற்றினாள்.

"காலை ஊனாதே, என்ன?"

"சரிம்மா."

சரி என்று சொன்ன வாய் மூடுவதற்குள் வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தது பிள்ளை, அதே காலால். கேட்டால், "பட்டதும்மா. பட்டா என்ன?" என்றது. தூணில் கட்டிப் போட்டாள். அவிழ்த்துக்கொண்டு ஓடியது. பத்து நாளில் புண் குழியாகி, சுற்றிலும் கறுத்து, உடம்பும் கொதித்தது.

சேவுகன் வந்து பார்த்தான். "முழங்காலுக்கு ஏறினா பிள்ளை தங்காது தாயி" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனான்.

மறுநாள் வடிவாச்சி அழுதுகொண்டே சூளையில் கூடையைக் கவிழ்த்தாள். ஓரத்தில் விழுந்த ஒரு கிளிஞ்சல் படீரென்று வெடித்தது. அதற்குள்ளிருந்து ஒரு நத்தை உருண்டு அவள் காலடியில் விழுந்தது. "ஐயோ, வலிக்குதே! வலிக்குதே!"

வடிவாச்சி குனிந்து அதைக் கையில் எடுத்தாள். சாம்பலை வாயால் ஊதித் தள்ளினாள்.

"என்ன சொல்றே? வலின்னா என்ன?"

"என்னவா? வீட்டோட சேர்த்து என்னைச் சுட்டுட்டு, வலின்னா என்னன்னு கேக்கிறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா!"

"சத்தியமா தெரியாது. கிளிஞ்சலுக்குள்ளே ஆள் இருந்தாலும், அதுக்கு ஏதோ படும், அவ்வளவுதான்னு நெனச்சோம். எங்களுக்கு அப்படித்தான்."

அவள் பொய் சொல்லவில்லை. தனக்கு இல்லாத ஒன்று இன்னொரு உயிருக்கு இருக்கும் என்று அந்த ஊரில் யாருக்கும் தோன்றியதே இல்லை. நத்தை அவள் முகத்தைப் பார்த்தது. அதன் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"வலின்னா, விடு விடுன்னு உள்ளேயிருந்து ஒண்ணு கத்தும். நீ விடுற வரைக்கும் கத்தும். அந்த இடத்தை மறக்கவே விடாது."

வடிவாச்சிக்குக் கொழுந்தின் கால் நினைவுக்கு வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்: "உன் வீட்டை நான் எரிச்சிட்டேன். என் பிள்ளை குதிகால்ல வந்து இருக்கியா?"

"யோசிச்சுச் சொல்லு. எனக்கு இப்போ ஓடு இல்லை. எது பட்டாலும் கத்துவேன். பிள்ளை துடிக்கும். அதைப் பார்த்துக்கிட்டு உன்னால இருக்க முடியுமா?"

"காலாவது இருக்குமே" என்றாள் வடிவாச்சி.

வீட்டுக்கு ஓடினாள். கொழுந்தை மடியில் போட்டு, துணியை அவிழ்த்து, நத்தையைப் புண்ணின் வாயில் வைத்தாள். அது நீர் மண்ணில் இறங்குவது போல உள்ளே இறங்கியது.

அயிரை எப்போதும்போல முந்தி ஓடி, "ஏதோ பட்டது" என்றது. நத்தை வாலைப் புண்ணிலேயே விட்டு, உடம்பை நூலாக நீட்டி, ஊர்ந்து ஊர்ந்து தலைக்குப் போய்ச் சேர இன்னும் கொஞ்ச நேரம் ஆனது. போய்ச் சேர்ந்ததும் கத்தியது.

பிள்ளையும் கத்தியது. பசியில் அழுகிற அழுகை ஊருக்குத் தெரியும். இந்த அழுகையை யாரும் கேட்டதில்லை. சூளையைப் போட்டது போட்டபடி விட்டு எல்லாரும் ஓடிவந்தார்கள்.

"பிள்ளையை என்னடி பண்ணினே?" சேவுகன் காதைப் பொத்திக்கொண்டான். "எதை உள்ளே விட்டியோ அதை வெளியே எடு! கேக்க முடியலை!"

"அம்மா, எடுத்துடும்மா! எடுத்துடும்மா!" என்று கொழுந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

வடிவாச்சியின் விரல் புண்ணருகே போனது. நத்தையின் வால் இன்னும் வெளியே தெரிந்தது. பிடித்து இழுத்தால் வந்துவிடும். அழுகை நின்றுவிடும். நாளைக்கு அந்தக் கால் மறுபடியும் பாண்டி ஆடும்.

அவள் இழுக்கவில்லை. ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. அந்தக் கைக்குத் தெரிந்ததெல்லாம் மேல் பார்த்து எண்ணெய் தடவுவதுதான். அதைச் செய்தாள். புண்ணைச் சுற்றி, கணுக்காலில், கெண்டைக்காலில், உள்ளங்கையால் தடவினாள். நத்தைக்கு ஊதியது போலக் குனிந்து ஊதினாள். "ஒண்ணுமில்லடா தங்கம், ஒண்ணுமில்லடா."

ஒரு தடவலுக்கு நூறு அயிரைகள் கிளம்பின. ஓர் ஊதலுக்கு இன்னொரு நூறு. "ஏதோ பட்டது, ஏதோ பட்டது" என்று சொல்ல எல்லாம் முண்டியடித்துக்கொண்டு மடைக்குப் போயின. மடையோ சின்னது. மறுபடி கத்தப் பின்னால் ஊர்ந்து வந்த நத்தைக்கு வழி கிடைக்கவில்லை. ஓரமாக ஒதுங்கி நின்றது.

கொழுந்தின் அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகியது. கை நின்றால் நத்தை நகர்ந்தது, பிள்ளை சிணுங்கியது. வடிவாச்சி மறுபடி தடவினாள். மூன்று நாள் அந்தக் கை ஓயவில்லை. அவள் கண் அசந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வந்து தடவினாள்.

தூணில் கட்டாமலே பிள்ளை காலை ஊன்றவில்லை. ஒரு தடவை மறந்து ஊன்றி, "ஆ!" என்று தானே தூக்கிக்கொண்டது. புண்ணுக்கு ஓய்வு கிடைத்தது. காய்ச்சல் இறங்கியது. ஒரு மாதத்தில் அங்கே வெளுத்த தழும்பு மட்டும் இருந்தது.

பிறகு ஒரு நாள் சாயங்காலம் சேவுகன் வந்து வாசலில் தயங்கி நின்றான். வலது கையைப் பின்னால் வைத்திருந்தான்.

"தாயி... சூளை ஓரத்துல ஓடு வெடிச்சு ஒண்ணு கிடந்துச்சு. சத்தம் போடுது." கையை முன்னால் நீட்டினான். உள்ளங்கையில் ஒரு நத்தை. "எனக்கும் குடியேத்தி விடேன். மிச்சம் ஒன்பது விரல் இருக்கில்ல?"

"கத்தும்ணே. தாங்குவீங்களா?"

"தடவி விட நீங்கல்லாம் இருக்கீங்களே."

ஊரே வந்தது. வெடித்த ஓடுகளில் தப்பியவை ஒவ்வொன்றாகக் குடியேறின. அதன்பின் ஒவ்வொரு கிளிஞ்சலையும் காதில் வைத்து, உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டபிறகே சூளையில் போட்டார்கள்.

அன்றிலிருந்துதான் கல்லில் கால் இடறினால் முதலில் பட்டது தெரிகிறது, ஒரு மூச்சு கழித்து வலி வந்து சேர்கிறது. அந்த ஒரு மூச்சுக்குள்ளேயே நம் கை ஓடிப்போய் அந்த இடத்தைத் தேய்க்கிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் குனிந்து ஊதுகிறார்கள்.