அந்தப் பக்கம் யாரும் இல்லை

இந்தக் கதையில் கெட்டவர் என்று யாரும் கிடையாது. அதனால்தான் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். முடிவில் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன். அதுவரை யார் பக்கமும் சாய்ந்துவிடாமல் கேளுங்கள்.

கோயம்புத்தூரில் கார்ப் பந்தய விளையாட்டில் பைத்தியமான சிலர் இருந்தார்கள். சாயங்காலமானால் அவரவர் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கூடி ஒரே பந்தயத்தில் ஓட்டுவார்கள், மைக்கில் பேசிக்கொள்வார்கள். இணையத்தில் இப்படி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அடுத்தவன் வண்டியை இடித்துத் தள்ளுவதையே பெரிய திறமையாக நினைக்கிற பிரகிருதிகள். அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் நவநீதன் என்பவன் தெரிந்தவர்களை மட்டும் சேர்த்து இந்தக் கூட்டத்தை நடத்தினான். அதில் ஒரு வழக்கமும் வைத்திருந்தான். யாரையாவது இடித்துவிட்டால் அங்கேயே வேகத்தைக் குறைத்து, மைக்கில் மன்னிப்புக் கேட்டு, பறித்த இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்யாதவருக்குக் கூட்டத்தில் இடமில்லை.

கூட்டத்தில் மூத்தவர் கனகசபை. பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். மனைவி இறந்தபிறகு தனிக்கட்டை. பகலில் வேனில் பிள்ளைகளின் இரைச்சல், சாயங்காலம் மைக்கில் இவர்களின் குரல். அவர் வாழ்க்கையில் வேறு சத்தம் இல்லை. ஆட்டத்திலும் அவரைப்போலப் பதவிசாக ஓட்டுகிறவர் கிடையாது.

அந்த மனிதர் திடீரென்று இடிக்க ஆரம்பித்தார். ஒட்டி வந்த இத்ரீஸை வேலியில் கொண்டுபோய்ச் சாத்தினார். முந்தப் பார்த்த மெர்லினைப் புல்தரையில் உருட்டினார். ஒரு தடவைகூட நிற்கவில்லை, மன்னிப்புக் கேட்கவில்லை. ஏன் என்று நவநீதன் கேட்டபோது, "அங்க ஆருமே இல்லீங்களே தம்பி" என்றார். இடிப்பவனையாவது பொறுக்கலாம், இடித்துவிட்டு இல்லை என்று சாதிப்பவனை எப்படிப் பொறுப்பது? நவநீதன் அவரைக் கூட்டத்திலிருந்து தூக்கிவிட்டான்.

சில நாள் கழித்து மெர்லினின் தங்கைக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. கனகசபையும் போயிருந்தார். பந்தியில் உட்கார்ந்தவர், தமக்கு மட்டும் ஊறுகாய் வைக்கவில்லை என்றார். இலையின் இடது ஓரத்தில் உப்பும் ஊறுகாயும் வைத்தது வைத்தபடி இருந்தன. மெர்லின் ஊறுகாயை வலது பக்கம் நகர்த்தினாள். "இப்பத்தான் வந்துச்சா அம்மிணி?" என்று கேட்டுவிட்டு அவர் சந்தோஷமாகத் தொட்டுக்கொண்டார்.

மறுநாளே நவநீதனிடம் மன்றாடி அவரைத் திரும்பச் சேர்க்க வைத்தாள். மற்றவர்களிடம், கனகசபையை யாரும் இடது பக்கமாக முந்த வேண்டாம், காரணம் கேட்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஏற்கெனவே தனியாகக் கிடக்கிற மனிதரை ஏன் நோகடிக்க வேண்டும் என்று நினைத்தாள். வேன் ஞாபகத்துக்கு வராமல் இல்லை. வந்தது. இத்தனை வருஷம் ஓட்டியவர் பார்த்துக்கொள்வார் என்று தள்ளிவைத்தாள். இடிப்பது நின்றது. "இப்ப நானு பளயபடி ஓட்டறனுங்க" என்று கனகசபை மைக்கில் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு இத்ரீஸுக்கு உறுத்தியது. ஒருநாள் காலையில் வேன் நிற்கும் இடத்துக்குப் போய்ப் பார்த்தான். வேனின் இடது பக்கம் முன்னாலிருந்து பின்னால்வரை கீறல். பிள்ளைகள் ஏறுகிற கதவும் அந்தப் பக்கம்தான். அங்கே நின்று கையசைத்தான். ஓட்டுநர் இருக்கையில் இருந்த கனகசபை நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தார். வலது பக்கம் சுற்றி வந்ததும், "வாங்க தம்பி, எப்ப வந்தீங்க?" என்றார்.

இத்ரீஸ் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டான். சொன்னால் அங்கே யாரும் இல்லை என்பார், நாளைக்கும் பிள்ளைகள் அதே கதவில் ஏறுவார்கள் என்று பயம். வேன் முதலாளிக்குப் போன் செய்து, தன் பெயரைச் சொல்லாமல் விஷயத்தை மட்டும் சொன்னான். முதலாளி அன்றே சாவியை வாங்கிக்கொண்டு அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவரே அறியாமல் மூளையில் ரத்தக்குழாய் அடைத்திருக்கிறது, இரண்டு கண்ணிலும் இடது பாதிப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது என்றார்கள். இப்படி ஆனவருக்குப் பல சமயம் அது தெரியவே தெரியாதாம்.

கனகசபை அதன்பிறகு ஓட்டவில்லை, வேனையும் சரி, விளையாட்டையும் சரி. வீட்டுக்கு வந்தவர் கூட்டத்தில் ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். இத்ரீஸிடமும் பேசினார்.

"உங்கள வேலியில தள்ளிட்டனாமா. தெரிஞ்சு செய்யலீங்க தம்பி, மன்னிச்சுக்கங்க." பிறகு, "மொதலாளிகிட்ட ஆரு சொன்னாங்கன்னு தெரியுங்களா? அவுங்களக் கும்புடோணும். எங்கிட்ட ஏன் சொல்லலைன்னும் கேக்கோணும்" என்றார்.

"தெரியலீங்கண்ணா" என்றான் இத்ரீஸ்.

நவநீதன் விலக்கினான், மெர்லின் காப்பாற்றினாள், இத்ரீஸ் காட்டிக்கொடுத்தான். சொல்லுங்கள், மூவரில் யார் செய்தது சரி?

என்னைக் கேட்டால் இத்ரீஸ் செய்ததுதான். நவநீதன், அவர் இடித்ததைப் பார்த்தானே தவிர, இடித்ததெல்லாம் ஒரே பக்கம் என்பதைப் பார்க்கவில்லை. மெர்லினின் அன்பு பெரியது. ஆனால் அவரை எச்சரிக்க இருந்ததே அந்த மோதல்கள்தான், அவற்றையும் அவள் நிறுத்திவிட்டாள். அந்தக் கதவில் ஏறிய பிள்ளைகள் பத்திரமாக இருப்பது இத்ரீஸால். ஆனாலும் அந்தக் கூட்டத்தின் வழக்கம் அவனுக்கும் உண்டு அல்லவா? அவர் பிழைப்பை இடித்தது சரி. இடித்த இடத்தில் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போனது சரியில்லை. அந்தப் பக்கம் யார் இருந்தார்கள் என்று கனகசபைக்கு இன்றுவரை தெரியாது.