வெள்ளைத் துணியில் ஓர் ஆறு

சாயப்பட்டறை முதலாளி சென்னியப்பன் அறுபது வயதுக்கு மேல் ஓவியம் கற்க வந்தார். ஆசிரியை பூங்கோதைக்கு அவருடைய மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, கைகட்டித்தான் நிற்பார். பட்டறையில் அவர் முன்னால் கைகட்டி நிற்பவர்கள் இதைப் பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஊர் ஆற்றைப் பற்றி ஓர் ஓவியக் கண்காட்சிக்குப் பூங்கோதை ஏற்பாடு செய்துகொண்டிருந்தார். அதில் தன் படமும் தொங்க வேண்டும் என்று சென்னியப்பனுக்குத் தீராத ஆசை. இடம் கிடைக்குமா என்று தெரிவதற்கு முன்பே சொந்தபந்தம் அத்தனை பேரையும் அழைத்துவிட்டார்.

படமும் தயார். நீலத் தண்ணீர், நாணல், ஒரு மீன்கொத்தி. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கப் பார்க்க அவருக்கே மனசு ஒட்டவில்லை.

“டீச்சர், எல்லாம் வந்துருச்சு. ஆறு மட்டும் வரமாட்டேங்குதுங்க. எங்க தப்பு?”

“எங்க உட்கார்ந்து வரைஞ்சீங்கய்யா?”

“வீட்டுலதானுங்க. காலண்டர்ல ஒரு ஆறு இருந்துச்சு.”

“நம்ம ஆத்தங்கரைக்குப் போகலீங்களா?”

“அங்க நாத்தம் தாங்காதுங்களே!” என்றார் சென்னியப்பன், பச்சைப் பிள்ளை போல.

பூங்கோதை சிரிக்கவில்லை. “உங்க பட்டறையிலிருந்து சாயம் போடாத வெள்ளைத் துணி ஒரு துண்டு கொடுத்தனுப்புங்க.”

எதற்கு என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல், மறுநாளே கொடுத்தனுப்பினார்.

அடுத்த வகுப்புக்கு வந்தபோது சுவரில் ஒரு துணி சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அரக்கு நிறம். ஓரத்தில் அடர்த்தியாகத் தொடங்கி, திட்டுத் திட்டாக வெளிறிப் போயிருந்தது. சென்னியப்பனின் கால்கள் தானாக அங்கே போயின. விரலால் நீவிப் பார்த்தார். சட்டத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“இது நம்ம அரக்காச்சே!”

“நல்லாப் பார்த்துச் சொல்லுங்க.”

“பார்க்கவே வேண்டாமுங்க. இந்த நிறத்தைக் கொண்டாறதுக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இந்த வட்டாரத்துல வேற எவனுக்கும் இது வராதுங்க.” பெருமை பிடிபடவில்லை அவருக்கு. “ஆனா எங்க பசங்க இப்படித் திட்டு விழ விடமாட்டாங்களே! எந்தத் தொட்டியில முக்குனீங்க?”

“தொட்டியில இல்லீங்க. பாலத்துக்குக் கீழ, ஆத்துல கல்லைக் கட்டிப் போட்டு வெச்சிருந்தேன்.”

சென்னியப்பன் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

“ஆத்துல எல்லாப் பட்டறையும்தானுங்க சாயத் தண்ணிய விடுது,” என்றார் ஒருவழியாக.

“ஆமாங்க.”

அவர் மறுத்துப் பேசியிருந்தால் தேவலாம் போலிருந்தது சென்னியப்பனுக்கு. வேறெவனுக்கும் வராது என்று தன் வாயாலேயே அல்லவா சொல்லித் தொலைத்தார்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

பூங்கோதை மேசையிலிருந்து ஓர் அட்டையை எடுத்துத் துணிக்குக் கீழே ஒட்டினார். ‘ஆறு. ஓவியர்: சென்னியப்பன்.’

சென்னியப்பன் பதறிப்போனார். “வேண்டாமுங்க டீச்சர். சம்பந்தி வீட்டுல எல்லாரும் வர்றாங்க. என் படம்தான் அங்க இருக்குதே, அதை மாட்டுங்க.”

“அதையும் மாட்டறேனுங்க.”

“அப்ப இதுல எதுக்குங்க என் பேரு? இதை நான் வரையலீங்களே!”

பூங்கோதை அட்டையைப் பிய்த்தெடுத்தார். ஒரு பென்சிலோடு சேர்த்து அதை அவர் கையில் கொடுத்தார்.

“அப்படீங்களா? சரிங்கய்யா, வரைஞ்சவங்க பேரை நீங்களே எழுதிக் குடுத்துடுங்க.”