வைரவன் வண்டியின் மைலேஜ்

ஏழரைக்குடிக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வது சுத்த அபாண்டம். எல்லோருக்கும் இருக்கிறது. தேய்ந்துவிடப் போகிறதே என்று எடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் வைரவனிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. மாமனார் ஆண்டியப்பன் பதினைந்து வருஷம் ஓட்டிவிட்டுக் கல்யாணத்தன்று கொடுத்தது. சாவியை நீட்டும்போது, "காலைல சோக்கை இழுத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க மாப்ளே" என்றார். வைரவன் இழுத்தான். வண்டி சூடானதும் திருப்பித் தள்ள வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. எட்டு மாதமாக சோக் இழுத்தபடியே கிடந்தது. வண்டி கறுப்புப் புகையைக் கக்கிக்கொண்டு பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. அவன் மனைவி அழகம்மை வாசலில் துணி காயப்போடுவதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் விருந்துக்கு வந்த மாமனாரை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விடுவதற்குள் வைரவன் இரண்டு தடவை பெட்ரோல் போட்டான். மாமனார் முகம் சுண்டிப்போயிற்று.

"எங்கிட்ட இருந்தப்ப லிட்டருக்கு அம்பது குடுத்த வண்டி மாப்ளே இது. வர்ற ஞாயித்துக்கெழமை வாறேன். ஒரு லிட்டருக்கு மீட்டர்ல நாப்பது காட்டணும். இல்லேன்னா வண்டியைப் பெரிய மாப்பிள்ளைக்குக் குடுத்துருவேன்."

வைரவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சகலை அந்த வண்டியிலேயே வந்து இவன் வீட்டு வாசலில் ஹாரன் அடிப்பான்.

மறுநாள் தன் கூட்டாளிகள் அடைக்கலம் அண்ணனையும் சேவுகனையும் அழைத்துக்கொண்டு டவுனில் மெக்கானிக் காசிம் பாயிடம் போனான். பாய் வேறொரு வண்டியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். நிமிராமலேயே சொன்னார்:

"டயர்ல காத்து சரியா இருக்கான்னு பாருங்க. பிளக்குல கரி புடிச்சிருக்கான்னு பாருங்க. அப்புறம் ஒரு லிட்டர் ஊத்தி, வண்டி நிக்கிற வரைக்கும் ஓட்டி, மீட்டரைக் குறிச்சுக்கங்க. வண்டில ஒரு ஆள்தான் உக்காரணும். ஆமா, சோக்கு கீக்கு இழுத்தபடி கெடக்கா?"

வைரவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. "இழுக்காம இருப்பேனா பாய்? ஒருநாள்கூடத் தவறுனதில்லை!"

அதற்குள் பாய் எதிரில் இருந்த இன்னொரு வண்டியை முறுக்கிவிட்டார். அந்தச் சத்தத்தில் பதில் அவர் காதில் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மூவரும் டயரைச் சுற்றி உட்கார்ந்து அரைமணி நேரம் பார்த்தார்கள்.

"காத்து தெரியுதா?" என்றார் அடைக்கலம்.

"தெரியலையேண்ணே. உள்ள இருக்குல்ல. வெளிய வந்தாத்தானே பாக்க முடியும்?" என்றான் சேவுகன்.

நியாயமான பேச்சு. மூடியைக் கழற்றி அமுக்கினார்கள். காற்று புஸ்ஸென்று வந்தது. அடைக்கலம் கன்னத்தை வைத்துக் கடைசிவரை பார்த்துவிட்டு, "இருந்துச்சுப்பா. சரியா இருந்துச்சு" என்றார். பின் சக்கரத்திலும் அப்படியே பார்த்தார்கள். பிறகு பிளக்கைக் கழற்றினார்கள். கட்டிகட்டியாகக் கரி பிடித்திருந்தது. மூன்று பேரும் ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கரி உதிராமல் பக்குவமாகத் திரும்ப மாட்டினார்கள். பார்க்கத்தானே பாய் சொன்னார்?

மறுநாள் காலை டயருக்குக் காற்றடித்து, வண்டியில் மிச்சம் மீதி இருந்த பெட்ரோலை வடித்துவிட்டு, ஒரு லிட்டர் ஊற்றி, மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார்கள். ஒரு ஆள்தான் உட்கார வேண்டும் என்பதால் வைரவன் ஓட்ட, மற்ற இருவரும் பக்கத்தில் ஓடினார்கள். அவர்கள் ஓடுகிற வேகத்துக்கு வண்டி உறுமிக்கொண்டே ஊர்ந்தது. மூன்றாவது கிலோமீட்டரில் ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வரவே, வண்டி நின்றது.

"நின்னுருச்சு. மூணுன்னு குறிச்சுக்க" என்றான் சேவுகன்.

வைரவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "மூணா? மாமா சாவியைப் புடுங்கிருவாரே!"

"இருப்பா, அவசரப்படாத," என்றார் அடைக்கலம். "வண்டி நின்னுச்சா, நாம நிறுத்துனமா?"

வெகுநேரம் விவாதித்து, நிறுத்தியது ஆடுகள்தான், ஆகவே கணக்கில் சேராது என்று முடிவானது. ஆடுகளுக்கு நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். பதினெட்டாவது கிலோமீட்டரில், பொட்டல் காட்டில், பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாகவே நின்றது.

பதினெட்டு! வைரவன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். மற்ற இருவரும் அவனைத் தேற்றி வண்டியில் ஏற்றி உட்காரவைத்து, ஊர்வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பெட்ரோல் தீர்ந்த பிறகு ஆள் இறங்கலாம் என்று பாய் சொல்லவில்லையே. வீடு வந்து சேரும்போது சாயங்காலம். சேவுகன் மூச்சு வாங்கிக்கொண்டே மீட்டரை எட்டிப்பார்த்தான்.

"மாப்ளே! முப்பத்தாறு காட்டுது!"

மூவரும் குனிந்து பார்த்தார்கள். சந்தேகமே இல்லை. ஒரு லிட்டருக்கு முப்பத்தாறு.

"போறப்ப பதினெட்டு. அப்ப பெட்ரோல் இருந்துச்சு," என்று அடைக்கலம் விரல்விட்டு யோசித்தார். "வாறப்ப பதினெட்டு. அப்ப பெட்ரோல் இல்லை. புகையும் வரலை, சத்தமும் வரலை."

"அப்ப வண்டில கோளாறு இல்லைங்கிறீகளா?"

"வண்டி தங்கம்டா. பெட்ரோல்தான் அதைக் கெடுக்குது."

வைரவன் அன்றைக்கு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையிலேயே மாமனார் வந்தார். தன் கையாலேயே ஒரு லிட்டர் ஊற்றி, மீட்டரைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். வைரவன் அவரையே வண்டியில் ஏறி உட்காரச் சொன்னான். சாவியை மட்டும் திருப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஊருணியைச் சுற்றினால் சரியாக ஒரு கிலோமீட்டர். மூன்று பேரும் தள்ள ஆரம்பித்தார்கள்.

இருபதாவது சுற்றில் சேவுகனுக்குக் கால் பின்னியது. முப்பதாவது சுற்றில் அடைக்கலம் வாய்விட்டு முருகனைக் கூப்பிட்டார். வைரவன் நாக்கு வெளியே தொங்க, சகலையின் ஹாரனை நினைத்துக்கொண்டே தள்ளினான். மாமனார் குடையைப் பிடித்துக்கொண்டு முறுக்குத் தின்றபடி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். நடுநடுவே மோர் கொண்டுவந்த அழகம்மை, "வண்டி இப்பத்தான் ஒழுங்கா ஓடுது, புகையவே காணோம்" என்று சொல்லிவிட்டுப் போய், எட்டு மாதத்துக்குப் பிறகு வாசலில் துணி காயப்போட்டாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மீட்டர் நாற்பதைக் காட்டியது. மாமனார் இறங்கி டேங்க் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். ஏழரைக்குடிக்குப் பெண் கொடுத்தவர் அவர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஊற்றிய பெட்ரோல் சொட்டுக் குறையாமல் அப்படியே இருந்தது. அவர் கண் கலங்கிவிட்டது.

"பதினஞ்சு வருசம் ஓட்டியும் இந்த வண்டி அருமை எனக்குத் தெரியாமப் போச்சே மாப்ளே! நாப்பது ஓடியும் லிட்டர் அப்படியே நிக்குது! நீங்களே வச்சுக்கங்க. பெரிய மாப்பிள்ளைக்கு இதெல்லாம் வராது."

வைரவன் சாவியை வாங்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

மாமனார் தோளில் கைபோட்டு அவனைத் தனியே அழைத்துப்போனார். "மாப்ளே, நம்ம வீட்டு டிராக்டரும் டீசலை மொடாமொடாவாக் குடிக்குது. நாளைக்கு நீங்க மூணு பேரும் வந்து அதையும் பாத்துக் குடுத்துரணும்."

வைரவன் கைத்தொழில் தெரிந்தவன்போலத் தாடையைத் தடவினான். "அதுல இப்ப டீசல் எவ்வளவு இருக்கு மாமா?"

"டேங்க் நெறைய இருக்கு."

"அப்ப நாங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் எறக்கி வச்சுருங்க. தள்ளுறதுக்குக் கனமா இருக்கும்."