தயிர்ப்பானைக்குக் காவல்

“எனக்கு மட்டும் ஏன் அம்மா இப்படி?” என்று கேட்டார் ஆவுடையப்பன்.

குரு அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. நான் மடத்துச் சமையல்காரன். குரு அடுப்படிக்கு வந்து கீரை ஆய உட்காரும் நேரம் பார்த்துத்தான் இந்த மனுஷன் வருவார். வந்தால் அதே குதிகால் புராணம். கார்த்திகையில் ஆரம்பித்தது, பங்குனி பிறந்தும் ஓயவில்லை. எனக்குக் காது புளித்துவிட்டது.

விஷயம் இதுதான்.

எங்கள் மலையில் கார்த்திகை தீபத்தன்று சீடர்களுக்கு ஓட்டம் உண்டு. ஆளுக்கு ஒரு செம்பு நெய். அடிவாரத்தில் சங்கு ஊதியதும் ஓட வேண்டும். நெய் சிந்தாமல் யார் முதலில் உச்சிக்குப் போகிறாரோ, அவர் கையால்தான் தீபம். காவி வாங்கியவர்கள் ஓடக்கூடாது. வெள்ளை வேட்டிக்காரர்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினை.

ஆவுடையப்பன் மடத்துக்கு வந்த வருஷத்திலிருந்து ஓடுகிறார். ஒருதடவைகூட ஏற்றியதில்லை. குருவைவிட வயதில் மூத்தவர், மீசையெல்லாம் நரைத்துவிட்டது. வருகிற கார்த்திகைதான் அவருக்குக் கடைசி. அது கழிந்து தையில் அவருக்குக் காவி கொடுப்பதாக ஏற்பாடு.

ஒரேயொரு தடவை தன் கையால் ஏற்றிவிட்டால் போதும் என்பார் என்னிடம். சொல்லும்போதே கண் கலங்கிவிடும். அப்போது மட்டும் எனக்கு அவர்மேல் கோபம் வராது.

போன கார்த்திகையில் அவர்தான் எல்லோருக்கும் முன்னால் போனார். பாதி மலையில் ஒரு புளியமரத் திருப்பம். அங்கே இடது குதிகாலில் சுரீரென்று பிடித்துக்கொண்டது. நொண்டி நொண்டி உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது தீபம் எரிந்துகொண்டிருந்தது. சுற்றி உட்கார்ந்து எல்லோரும் பொரி தின்றுகொண்டிருந்தார்கள். இவருக்கும் ஒரு பிடி நீட்டினார்கள். வாங்கவில்லை.

கீழே வந்து குருவிடம் கொட்டித் தீர்த்தார். பாதையெல்லாம் சரளைக்கல்லாம். கொடுத்த செம்பு கனமாம். ஓர் ஆடு வேறு குறுக்கே வந்துவிட்டதாம். கடைசியில் குதிகாலுக்கு வந்தார்.

“சித்திரை பிறக்கிற வரைக்கும் ஓடாதீங்க” என்றார் குரு.

டவுன் டாக்டரும் அதையேதான் சொன்னார். இவரும் சரி சரியென்று தலையாட்டினார்.

ஒரு வாரம்கூட ஆகவில்லை. காலையில் கிணற்றடியிலிருந்து பார்க்கிறேன், மனுஷன் புளியமரத் திருப்பத்திலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கி வருகிறார்.

“ஓடினீங்களா?” என்றார் குரு.

“ஓடலை அம்மா. சரியாயிடுச்சான்னு பார்த்தேன்.”

மார்கழியிலும் பார்த்தார். தையிலும் பார்த்தார். நாலு நாள் சும்மா இருந்தால் வலி குறையும். குறைந்துவிட்டதா என்று பார்க்க ஓடுவார். பிடித்துக்கொள்ளும். நேரே என் அடுப்படிக்கு வந்து புலம்புவார். நான் என்ன பாவம் செய்தேனோ.

ஓடாத நேரத்திலும் சும்மா இருக்க மாட்டார். சாப்பிடும்போதும் பூஜையில் உட்காரும்போதும் கட்டைவிரலால் குதிகாலை அழுத்திப் பார்த்துக்கொண்டே இருப்பார். எந்த இடத்தில் வலிக்கிறதோ அதே இடத்தில் அழுத்துவார். வலிக்கும். முகத்தைச் சுளிப்பார். வலி இன்னும் இருக்கிறதா என்று மறுபடி அழுத்துவார்.

இப்போது கீரை ஆய்ந்து முடித்த குரு தலை நிமிர்ந்தார். இன்றைக்கு என்ன உத்தேசம் என்று கேட்டார்.

ஆவுடையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு, வலி கொஞ்சம் தேவலை, சாயங்காலம் திருப்பம் வரைக்கும் மட்டும் போய்ப் பார்க்கலாம் என்று இருப்பதாக இழுத்தார்.

“சாயங்காலம் வரைக்கும் இங்கேயே இருங்க. தயிர்ப்பானையைப் பார்த்துக்கோங்க” என்றார் குரு.

தயிர்ப்பானைக்கு எதற்குக் காவல்? அதுவும் நாள் முழுக்க இவர் என் பக்கத்தில். விதியே என்று பாலைக் காய்ச்சி ஆற வைத்தேன். கை பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றிப் பானையை மூலையில் வைத்து மூடினேன். பங்குனி வெயிலில் சாயங்காலத்துக்குள் கட்டியாகிவிடும். ஆவுடையப்பன் பானைக்குப் பக்கத்தில் காலை மடக்கி உட்கார்ந்தார்.

கொஞ்ச நேரத்தில் குரு வந்தார். மூடியைத் திறந்தார். கரண்டியை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினார். உற்றுப் பார்த்தார். மூடிவிட்டுப் போனார்.

நானும் ஆவுடையப்பனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

நான் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது மறுபடி வந்தார். திறந்தார், சுற்றினார், பார்த்தார், போனார்.

அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று ஆவுடையப்பன் என் காதைக் கடித்தார். எனக்கென்ன தெரியும், ராத்திரி தயிர் இல்லையென்றால் மடமே என்னைத்தான் திட்டும் என்றேன். குருவாயிற்றே, கையைப் பிடித்துத் தடுக்கவா முடியும்?

அடுத்த தடவை ஆவுடையப்பன் பணிவாகவே சொல்லிப் பார்த்தார். உறை ஊற்றி இன்னும் அதிக நேரம் ஆகவில்லை, சாயங்காலம் வரை பொறுத்தால் நல்லது என்றார். குரு சரி சரியென்று தலையாட்டினார். கரண்டியை விட்டுச் சுற்றினார்.

வெயில் தாழ்ந்தது. நான் மூடியை மெல்ல நகர்த்தி எட்டிப் பார்த்தேன். அத்தனை கலக்கலுக்கும் தப்பி ஓரமெல்லாம் ஏடு கட்டத் தொடங்கியிருந்தது. அப்பாடா என்று மூடினேன். ஆவுடையப்பன் முகத்திலும் ஒரு தெளிவு.

குரு வந்தார். மூடியைத் திறந்து நடுப்பானையில் கரண்டியை இறக்கினார். கட்ட ஆரம்பித்திருந்தது உடைந்து தண்ணீர் விட்டது.

ஆவுடையப்பன் உட்கார்ந்தபடியே எட்டிக் கரண்டியைப் பிடுங்கினார். குரு முன்னால் குரல் உயர்த்திப் பேசாதவர் அவர்.

“விடுங்கம்மா! இப்படிக் கலக்கிட்டே இருந்தா எந்தக் காலத்துல உறையும்? தொடாம விட்டா அதுபாட்டுக்கு உறைஞ்சிருக்கும்ல?”

“நான் எங்கே கலக்கினேன்?” என்றார் குரு. “சரியாயிடுச்சான்னு பார்த்தேன்.”

ஆவுடையப்பன் உடைந்த தயிரைப் பார்த்தார்.

ஒரு கையில் கரண்டி. இன்னொரு கை மடக்கிய காலில் இருந்தது. கட்டைவிரல் குதிகாலை அழுத்திக்கொண்டிருந்தது.

அவர் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்.

கையை எடுத்தார்.

“நாயகம்,” என்றார் என்னிடம், “சித்திரை பிறக்க இன்னும் எத்தனை நாள் இருக்கு?”