போன செவ்வாய்க்கிழமைக்குத் திரும்பிப் போனவர்கள்

சொன்னதைச் சொன்னபடி செய்வதில் ஒதியங்குளத்துக்காரர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் இஷ்டம். அங்கே ஒருத்தரிடம் "கதவைப் பூட்டிட்டு வாங்க" என்றால் பூட்டிவிட்டுத்தான் வருவார். உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லாதது உங்கள் தப்பு, அவரைத் திட்டி என்ன பிரயோசனம்?

அந்த ஊரில் ஒரு வானொலி நேயர் மன்றம் உண்டு. நிர்வாகிகள் ஐந்து பேர். தலைவர் ஆவுடையப்பன் எதற்குமே மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் பதில் சொல்வார், அதனால் பெரிய அறிவாளி என்று பேர். செயலாளர் சொரிமுத்து, மன்றத்துக் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பு. உலகம்மாள் டீச்சர் தீர்மானப் புத்தகம் எழுதுவார், கூட்டத்தில் யார் தும்மினாலும் அதில் ஏறிவிடும். நல்லசிவனுக்கு ஆமோதிக்கிற வேலை. ஐந்தாவது ஆள் கொம்பையா. ஐயோ பாவம் அந்த மனுஷன்.

கொம்பையாவுக்கு வயசு முப்பத்தொன்பது. பதினோரு வருஷம் பெண் பார்த்தார். நாற்பத்துமூன்று வீட்டில் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டதுதான் மிச்சம். மன்றத்து நேயர்கள் பணகுடியிலிருந்து பினாங்கு வரைக்கும் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் அவருக்காக இமெயிலில் ஜாதகம் அனுப்பி அனுப்பிச் சலித்துப்போனார்கள். கடைசியில் பக்கத்து ஊர் மாடக்கண்ணு தன் மகள் சண்முகக்கனியைக் கொடுக்கச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தமும் முடிந்தது. ஆனி இருபத்திரண்டாம் தேதி கல்யாணம். அந்த நானூற்றுப் பன்னிரண்டு பேரும் தன் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதுதான் கொம்பையாவின் ஒரே ஆசை.

திங்கட்கிழமை காலையில் ஐந்து பேரும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், பத்திரிகை அனுப்ப. இமெயில் முகவரிப் பட்டியலைத் திறந்தால் ஒரு பேரையும் காணோம். துடைத்துவிட்ட மாதிரி கிடக்கிறது.

"வே சொரிமுத்து, என்னவே பண்ணினீரு?" என்றார் ஆவுடையப்பன்.

"பணகுடி அருமைநாயகம் புதன்கிழமை ராஜினாமா எழுதி அனுப்பினாருல்லா? அவரு பேரை எடுப்போம்னு வியாழக்கிழமை பதினொண்ணு பத்துக்கு உக்காந்தேன். எல்லாப் பேருக்கும் மேல ஒரு சின்னக் கட்டம் இருந்துது. மேல இருக்கது தலைவராத்தான் இருக்கும், மரியாதைக்கு முதல்ல அவரைத் தொட்டுக்கிடுவோம்னு தொட்டேன். எல்லாப் பேருலயும் டிக் விழுந்துச்சு. பொறவு அழிக்கிற பட்டனை அமுக்கினதும், 'அழித்துவிடலாமா?'ன்னு கேட்டுச்சு. இந்த மன்றத்துல என்னை ஒருத்தரும் அப்படி மரியாதையா ஒரு வார்த்தை கேட்டதில்ல. 'ஆம்'னுட்டேன்."

"என்னைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் செஞ்சிருக்காரு. அவரு மேல தப்பு சொல்ல முடியாது" என்றார் தலைவர். நல்லசிவன் ஆமோதித்தார். கொம்பையா மட்டும் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அழுகை நிற்காததால் தென்காசியில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் ஜமால் பாய்க்குப் போன் போட்டார்கள். அவர் விஷயம் தெரிந்தவர்.

"இதுக்கா இந்தப் பாடு? போன முப்பது நாளுக்குள்ள எந்த நாளுக்கு வேணும்னாலும் திரும்பப் போகலாம். அழியுறதுக்கு முந்தி ஒரு நாளைச் சொல்லுங்க, கடையில இருந்தே அந்த நாளுக்குக் கொண்டுபோயிருதேன். எல்லாம் அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வந்துரும்" என்றார் ஜமால் பாய்.

ஆவுடையப்பன் கண்ணாடியைத் துடைத்தார். "எல்லாமா பாய்?"

"எல்லாமேதான். ஒண்ணுகூட மாறாது."

"யோசிச்சுச் சொல்லுதோம்" என்று போனை வைத்துவிட்டு, கதவைச் சாத்தி அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"புதன்கிழமைக்குப் போவோமா?" என்றார் சொரிமுத்து.

"வேண்டாம். புதன் பூரா கரண்ட் இல்ல. இருட்டுல கொண்டுபோயி விட்டுட்டாருன்னா திரும்பி வரதுக்கு வழி தெரியாது" என்றார் தலைவர். "செவ்வாய்க்கிழமைக்குப் போவோம். அன்னைக்குக் கூட்டம் நடந்துது, டீச்சர் புத்தகத்துல எல்லாம் இருக்கு. நாளைக்கும் செவ்வாயாப் போச்சு, ரொம்பத் தோது."

கொம்பையா துள்ளி எழுந்தார். "அண்ணாச்சி! செவ்வாய்க்கிழமை எனக்கு நிச்சயம் ஆகலையே!"

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சர் பக்கத்தைப் புரட்டினார். "'கொம்பையாவின் நிச்சயதார்த்தம் வெள்ளியன்று நடக்கும் என்று மன்றம் நம்புகிறது'ன்னு எழுதியிருக்கு. நம்பிக்கை மட்டும்தான். நடந்ததா இல்ல."

"ஒண்ணுகூட மாறாதுன்னு பாய் வேற சொல்லிட்டாரே!" என்றார் சொரிமுத்து.

"பதினோரு வருஷம் அண்ணாச்சி! நாப்பத்துமூணு வீடு!" கொம்பையா மறுபடியும் அழ ஆரம்பித்தார். பார்க்கவே பரிதாபமாக இருந்தது.

தலைவர் கண்ணாடியை இரண்டாவது தடவை துடைத்தார். அப்படி அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை. "அழாதேயும். செவ்வாய்க்குப் போவோம். அங்கன இருந்து புதன், வியாழன்னு ஒழுங்கா நடந்து வந்தா வெள்ளிக்கிழமை தன்னால வரும். வெள்ளி வந்தா நிச்சயமும் வரும். நடுவுல ஒரு நாள்லயும் ஒரு காரியத்தையும் விட்டுரக் கூடாது. விட்டோம்னா வேற எங்கயாவது கொண்டுபோயி விட்டுரும்."

ஆஹா, என்ன மூளை! ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது.

அன்று சாயங்காலமே கொம்பையா பெண் வீட்டுக்கு ஓடினார். "மாமா, நாளையில இருந்து மூணு நாளைக்கு நீங்க எனக்கு மாமா இல்ல. தப்பா நினைச்சுக்கிடாதீங்க."

மாடக்கண்ணு முழு விவரத்தையும் பொறுமையாகக் கேட்டார். "அப்ப வெள்ளிக்கிழமைக்கு மறுபடியும் கேசரி கிண்டணுமா மாப்ளே?" என்பதுதான் அவருக்கு வந்த ஒரே சந்தேகம்.

சண்முகக்கனிக்கு அவ்வளவு பொறுமை இல்லை. மோதிரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தாள். "வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்து இதைப் போட்டுவிடணும். அஞ்சு மணிக்கு வரலைன்னா பொறவு வரவே வேண்டாம்."

கொம்பையா வழியெல்லாம் அஞ்சு மணி, அஞ்சு மணி என்று சொல்லிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை. தீர்மானப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார்கள். அவரவர் போன செவ்வாய் போட்டிருந்த சட்டை, அதே நாற்காலி. 'தலைவர் பல்வலியால் முனகினார்' என்று இருந்தது. அந்தப் பல்லைச் சனிக்கிழமை பிடுங்கியாகிவிட்டது. ஆனாலும் தலைவர் மனம் தளராமல், பல் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு முனகினார். 'வெளியே மழை' என்று இருந்தது. சொரிமுத்து கூரை மேல் ஏறி நாலு குடம் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நனைந்துபோய் வந்து, "நல்ல மழை" என்றார்.

சிக்கல் நல்லசிவனால் வந்தது. அவர் சனிக்கிழமை திருச்செந்தூரில் மொட்டை போட்டுவிட்டார்.

"முடியைத் திரும்ப வாங்க முடியாதா?" என்றார் டீச்சர்.

"மொட்டை அடிச்சவனுக்குக் காலையிலயே போன் போட்டுக் கேட்டேன். எந்த முடி உம்ம முடின்னு அடையாளம் சொல்லும், தாரேன்கான்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"கறுப்பா இருக்கும்னு சொன்னேன். போனை வச்சுட்டான்."

நெடுநேரம் விவாதித்து, அவரைப் பீரோவுக்குப் பின்னால் உட்காரவைத்து காலை மட்டும் வெளியே நீட்டச் சொன்னார்கள். காலில் மொட்டை அடிக்கவில்லை, அது செவ்வாய்க்கிழமைக் கால்தான் என்று தலைவர் உறுதி சொன்னார்.

பதினோரு மணிக்கு ஜமால் பாய் தன் கடையில் ஏதோ பட்டனை அமுக்கினார். அவ்வளவுதான்! பட்டியலில் கடகடவென்று பேர்கள் வந்து நின்றன. நானூற்றுப் பன்னிரண்டு பேரும் பத்திரம். கொம்பையா கையைத் தட்டிக் குதித்தார்.

"குதிக்காதேயும்!" என்று அதட்டினார் டீச்சர். "போன செவ்வாய் யாரும் குதிக்கல."

"எல்லாம் வந்துட்டுல்லா? உடனே பத்திரிகையை அனுப்பிருங்க" என்றார் ஜமால் பாய் போனில்.

ஐந்து பேருக்கும் அவர் மேல் இருந்த மதிப்பு சட்டென்று குறைந்துவிட்டது. "இன்னைக்குச் செவ்வாய் பாய். கொம்பையாவுக்கு இன்னும் நிச்சயமே ஆகல. நிச்சயம் ஆகாத ஆளு பத்திரிகை அனுப்பினா ஊரு சிரிக்காதா?" என்று தலைவர் பொறுமையாக விளக்கினார்.

புதன்கிழமை பணகுடி அருமைநாயகத்துக்குப் போன் போட்டார்கள். "இன்னைக்கு நீங்க ராஜினாமா பண்ணணும், ஞாபகம் இருக்கா?"

போன வருஷ விழாவில் பொன்னாடை போர்த்தவில்லை என்று கோபித்துக்கொண்டவர் அவர். மன்றமே தேடிவந்து பேசியதில் மனசு இளகிவிட்டது. "விடுங்கய்யா, ஏதோ ஆத்திரத்துல எழுதிட்டேன். மன்றத்துலயே இருந்துக்கிடுதேன்."

"ஐயையோ, இருக்கக் கூடாது! நீங்க போகலைன்னா கொம்பையாவுக்குக் கல்யாணமே நடக்காது!"

"நான்தான் கோவத்தை மறந்துட்டேன்னு சொல்லுதேனே."

"இந்த வருஷமும் உங்களுக்குப் பொன்னாடை கிடையாது. அடுத்த வருஷமும் கிடையாது. உட்காரதுக்கு நாற்காலிகூடப் போட மாட்டோம்" என்றார் தலைவர், மனசைக் கல்லாக்கிக்கொண்டு. அருமைநாயகம் கண்டபடி ஏசிவிட்டுப் பத்தே நிமிஷத்தில் ராஜினாமாவை அனுப்பிவைத்தார். ஐந்து பேரும் நிம்மதியாகக் காப்பி குடித்தார்கள்.

வியாழக்கிழமை பதினொன்று ஐந்து. எல்லாரும் கம்ப்யூட்டரைச் சுற்றி நின்றார்கள். சொரிமுத்து தலைவர் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, பட்டியலு நல்லாத்தானே இருக்கு? அழிக்கத்தான் வேணுமா?"

"வியாழக்கிழமைக் காரியத்தை வியாழக்கிழமை செய்யலைன்னா வெள்ளிக்கிழமை எப்படிவே வரும்?"

"எனக்கு மனசு கேக்கலையே."

கொம்பையா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர். "சொரிமுத்து அண்ணாச்சி, நீங்க எனக்குக் கூடப்பிறக்காத அண்ணன். நாளைக்கு அஞ்சு மணிக்கு நான் அவ கையில மோதிரம் போடணும். என் கல்யாணத்துக்காக இந்த ஒரு உதவி பண்ணுங்க. அழிச்சுருங்க!"

சரியாகப் பதினொன்று பத்துக்கு சொரிமுத்து மேலே இருந்த கட்டத்தைப் பயபக்தியோடு தொட்டார். 'அழித்துவிடலாமா?' என்று கேட்டது. 'ஆம்' என்றார். நானூற்றுப் பன்னிரண்டு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள்.

தலைவர் சொன்னது பொய்யாகவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை வந்தே விட்டது! கொம்பையா நாலரைக்கே போய் வாசலில் நின்றார். அஞ்சு அடிக்கவும் மோதிரத்தைப் போட்டார். சண்முகக்கனி தலையில் அடித்துக்கொண்டாலும் சிரித்துவிட்டாள். கேசரி போன தடவையைவிட நன்றாக இருந்தது.

திங்கட்கிழமை பத்திரிகை அனுப்ப உட்கார்ந்தார்கள். பட்டியலில் ஒரு பேரையும் காணோம்.

"பார்த்தியளா, சொன்னபடி அப்படியே இருக்கு!" என்று பெருமைப்பட்டார் தலைவர். ஜமால் பாய்க்குப் போன் போட்டார்கள்.

"மறுபடியும் எப்படி அழிஞ்சுது?"

"நாங்கதான் அழிச்சோம் பாய்."

ஜமால் பாய் மெல்லிய குரலில், "இப்ப எந்த நாளுக்குப் போகணும்?" என்றார்.

கொம்பையா போனைப் பிடுங்கினார். இரண்டு நாளாக அவர் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். "ஆனி இருபத்திரெண்டுக்கு பாய்!"

"அது இன்னும் வரவே இல்லையேய்யா!"

"அதான் நல்லது. அன்னைக்கு நானூத்திப் பன்னெண்டு பேரும் என் கல்யாணப் பந்தியில உக்காந்திருப்பாங்கல்லா? இலை போடுறதுக்கு முந்தி ஆளாளுக்கு இமெயில் கேட்டு எழுதிக்கிடுதோம். இங்க திரும்பி வந்து பத்திரிகை அனுப்பிருதோம்."

ஜமால் பாய் போனை வைத்துவிட்டார். "ஏற்பாடு பண்ணப் போயிட்டாரு" என்றார் தலைவர். "சரி, எல்லாம் அன்னைக்கு இருந்தபடியே இருக்கணும். அன்னைக்கு எப்படி இருந்துது டீச்சர்?"

டீச்சர் புத்தகத்தைப் பார்த்தார். அந்தத் தேதியில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. வேலையை முடிக்காமல் விட்டோமே என்று வெட்கப்பட்டு, பேனாவை எடுத்து வேகமாக எழுதி, எழுந்து நின்று வாசித்தார். "'தாலி கட்டியது ஒன்பதரை மணி. மேளம் சுமார். வந்தவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். பாயசம் பிரமாதம். சாம்பாரில் உப்பு தூக்கல்.'"

கொம்பையாவின் முகம் சிவந்துவிட்டது. "சாம்பார்ல உப்பா? டீச்சர், அதை அடிச்சிருங்க!"

"எழுதினது எழுதினதுதான்."

அடுத்த நிமிஷம் மாமனாருக்குப் போன் பறந்தது. "என்ன மாமா இது! அத்தனை பேருக்கு முன்னால என் மானமே போச்சு! சாம்பார்ல அள்ளியா கொட்டுவாங்க உப்பை?"

மாடக்கண்ணு பதறிப்போனார். "மன்னிச்சிருங்க மாப்ளே, தப்புதான். அன்னைக்குக் கூட்டத்துல நான் சாம்பார் பக்கமே போகல. பாயசம் அம்புட்டு நல்லா இருந்துச்சா, அதுலயே உக்காந்துட்டேன்."