கடைசிப் பெயர்

"நாலு நாளாக அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை" என்றாள் பூவிழி. "பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடப் பதில் கிடையாது."

எவுலாலியா பெருக்குவதை நிறுத்தவில்லை. ஹூஸ்டன் நகரத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் அவர் துப்புரவுப் பணியாளர். அதற்கு முன் ஹோண்டுராஸில் பதினெட்டு வருஷம் ஆசிரியை. அது தெரிந்த நாள்முதல், பள்ளி விட்டதும் ஏதாவது ஒரு சந்தேகத்தோடு, அங்கே ஆசிரியையாக இருக்கும் பூவிழி அவர் முன்னால் வந்து நிற்பாள்.

"யாரெலியா?"

"அவள்தான். அவளுக்காகத்தான் இந்தப் பாடத்தையே தயார் செய்தேன்."

சுவர் முழுக்கக் காகிதக் கொடிகள். ஒரு வரைபடம். 'நம் ஊருக்கு வந்த லத்தீன் மக்கள்' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. மேசைமேல் சோள ரொட்டி செய்முறை, இருபத்திரண்டு பிரதி.

எவுலாலியா சுவரைப் பார்த்தார்.

"கொடியெல்லாம் சரியாக இருக்கிறது. அவள் அப்பா?"

பூவிழியின் குரல் இறங்கியது.

"தடுப்பு முகாமில்தான் வைத்திருக்கிறார்களாம்."

வெள்ளிக்கிழமை யாரெலியின் அப்பா முதல் தடவையாக மகளை அழைத்துப்போக வந்தார். பெயர் ஒத்துப்போகவில்லை என்று பள்ளி அலுவலகம் போலீஸைக் கூப்பிட்டது. போலீஸ் குடியேற்றத் துறையைக் கூப்பிட்டது. கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம், பையை மாட்டிக்கொண்டு மகள் நின்றாள்.

"நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். பாடத்தை நன்றாக நடத்தினால் பிள்ளை கொஞ்சம் தலை நிமிர்ந்து உட்காருவாளே என்று பார்க்கிறேன். இன்னும் என்ன சேர்க்கலாம்?"

"வருகைப் பதிவைக் காட்டுங்கள், டீச்சர்."

காட்டினாள். எவுலாலியாவின் விரல் ஓரிடத்தில் நின்றது.

"யாரெலி பினேதா. இவ்வளவுதானா?"

"யாரெலி செலாயா பினேதா என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். கணினியில் கடைசிப் பெயருக்கு ஒரே கட்டம். நடுவில் இருந்ததை நான்தான் எடுத்துவிட்டேன்."

"அதை ஏன்?"

"கடைசியில் வருவதுதானே அப்பா பெயர்? எனக்கும் அப்படித்தான். ஊரில் ஓரெழுத்து இனிஷியலாக முன்னால் நின்ற அப்பாவை இங்கே இழுத்துக் கடைசியில் போட்டார்கள். மிஸ் ஆவுடையப்பன் ஆகிவிட்டேன்."

"எங்களுக்கு அப்பா பெயர் முன்னால். அம்மா பெயர் கடைசியில்."

பூவிழி பட்டியலைப் பார்த்தாள்.

"அவள் அப்பாவின் அடையாள அட்டையில் செலாயா. உங்கள் பட்டியலில் பினேதா" என்றார் எவுலாலியா.

பூவிழி பட்டியலை மூடிவைத்தாள்.

"நீங்களாவது என்னிடம் சொல்லியிருக்கலாமே."

"நீங்கள் ரொட்டியைப் பற்றித்தான் கேட்டீர்கள்."

எவுலாலியா குனிந்து குப்பையை முறத்தில் அள்ளினார். பூவிழி நகரவில்லை.

"நாளைக்கு நான் என்ன பாடம் நடத்துவது?"

"ஆஜர் எடுங்கள்."

மறுநாள் காலை பூவிழி கணினியைத் திறந்தாள். அந்த ஒரே கட்டத்துக்குள் இரண்டு பெயரையும் தட்டிப் பார்த்தாள்.

இடம் இருந்தது.

பிள்ளைகள் வந்து உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து நின்று கூப்பிட்டாள்.

"யாரெலி செலாயா பினேதா."

மூன்றாவது வரிசையில் யாரெலி எழுந்தாள்.

"பினேதா வந்திருக்கிறேன், மிஸ்" என்றாள். "செலாயா வரவில்லை."