மூக்கின் கீழ் ஒரு விரல்

"இன்னொரு வாட்டி அழுதே, அம்மா செத்துப்போயிடுவேன் பாத்துக்க."

ஒரு மழலையர் பள்ளியின் வராந்தாவில், யாரோ ஒரு தாய் தன் மகனிடம் சொன்னது இது. குழாயை மூடியதுபோல் பையனின் அழுகை நின்றது. பக்கத்து பெஞ்சில் மகளுக்கு இடம் கேட்கக் காத்திருந்த குமுதாவின் காதில் அது தற்செயலாக விழுந்தது. விழுந்தது அங்கேயே தங்கிவிட்டது.

குமுதாவின் மகள் நிறைமதிக்கு நான்கு வயது. அவளுக்கு முந்திரி ஆகாது. ஒரு வளைகாப்பில் பாயசத்தில் கிடந்த பாதிப் பருப்பைத் தின்று, உதடு வீங்கி, தொண்டை அடைத்து, நீலம் பாரித்துப் பிழைத்தவள். வேறு ஊராயிருந்தால் பாயசத்தையும் லட்டையும் தள்ளி வைத்துக் காலத்தை ஓட்டிவிடலாம். இவர்கள் இருப்பதோ பண்ருட்டிப் பக்கம். தெருவுக்குத் தெரு முந்திரி உடைக்கிறார்கள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் பையில் மிட்டாய் இருந்தால், அந்த ஊர்ப் பிள்ளைகள் பையில் முந்திரி இருக்கும்.

மகளிடம் உண்மையைச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "அதத் தின்னா ஒனக்குத்தான் கண்ணு ஆபத்து" என்று அப்பா ஏழுமலை மடியில் வைத்துச் சொன்னான். நன்றாகத் தலையாட்டினாள். அந்த வாரமே, பக்கத்து வீட்டிலிருந்து வந்த கேசரியை ஒருவரும் பார்க்காதபோது அள்ளித் தின்றாள். முந்திரி போடாத கேசரி, தப்பித்தாள். நான்கு வயதுக்குத் தன் சாவு என்றால் என்னவென்று தெரியாது.

பள்ளி தேடியபோதும் ஏழுமலை எதையும் மறைக்கவில்லை. முதல் பள்ளியின் தாளாளர், தாம் நடத்துவது ஸ்கூல்தான், ஆஸ்பத்திரி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். இரண்டாம் பள்ளியில் இடம் கிடைத்தது. ஆனால் பிள்ளை கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, கேட்டுக்குப் பக்கத்தில், வாட்ச்மேனின் ஸ்டூலில் தனியாக உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டுமாம். மூன்றாவது பள்ளியில்தான் அந்த வராந்தா. அங்கிருந்த பியூலா டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"தெனம் எல்லாப் பையையும் சோதிப்பேன். ஆனா பிள்ளைங்க முப்பது, எனக்குக் கண்ணு ரெண்டுதாங்க."

அந்தப் பதிலுக்காகவே குமுதா அந்தப் பள்ளியைத் தேர்ந்தாள். ஆஸ்பத்திரியும் அடுத்த தெருவில்தான் இருந்தது. மூன்றாவது கண்ணை அவளே வைத்தாள். அன்று மாலை மகளுக்குத் தலை வாரியபடி, "மத்தவங்க குடுக்கிறத நீ தின்னா, அம்மா செத்துப்போயிடுவேன்" என்றாள்.

"பெத்த பிள்ளைகிட்ட சொல்ற பேச்சா இது?" என்று ஏழுமலை பல்லைக் கடித்தான்.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான் கேசரி தின்னா" என்றாள் குமுதா.

பொய் வேலை செய்தது. நிறைமதி பள்ளியில் அடுத்தவர் பாட்டிலிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறந்தநாள் சாக்லேட் கொடுத்தால் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். சாயங்காலம் மணி அடித்ததும் கேட்டுக்கு ஓடி வருவாள். அம்மாவைக் குனியச் சொல்லி, மூக்கின் கீழ் விரலை வைத்துப் பார்ப்பாள். சூடாகக் காற்று வந்த பிறகுதான் சிரிப்பாள். என்ன பாசம் என்று மற்ற தாய்மார்கள் உருகினார்கள்.

ஒரு நாள் காலை அவள் இட்லி மாவைத் தட்டிவிட்டாள். குமுதா முதுகில் ஓர் அறை வைத்தாள், மாவுக்கு வேண்டியதைவிடச் சற்றுப் பலமாகவே. நிறைமதி அழவில்லை. வாசலில் வழக்கமாகக் கொடுக்கும் முத்தத்தையும் கொடுக்கவில்லை.

மதியம், பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வமணியிடம் கையை நீட்டி "குடு" என்றாள். ஒருநாளும் எதையும் வாங்காதவள் கேட்கிறாளே என்று, சாக்ஸுக்குள் ஒளித்து வைத்திருந்த முந்திரியில் இரண்டை எடுத்து அவன் சந்தோஷமாகக் கொடுத்தான். இரண்டையும் அவள் வாயில் போட்டுக்கொண்டாள். பியூலா பாய்ந்து வந்து வாயில் விரலை விட்டு ஒன்றைத் தோண்டி எடுத்தாள். மற்றது உள்ளே போய்விட்டது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு ஓடினாள். ஓடும்போது அந்த வீங்கிய உதடுகள் அவள் காதருகில் கேட்டன:

"எங்கம்மா செத்துட்டாங்களா, மிஸ்?"

ஊசி போட்டார்கள். பிள்ளை பிழைத்தாள். ஓடி வந்த தாய் தகப்பனிடம், திரைக்கு வெளியே நின்றபடி பியூலா தான் கேட்டதைச் சொன்னாள். இனியாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றான் ஏழுமலை. தன் இரண்டு கண்கள் போதவில்லை என்று ஒப்புக்கொண்ட பியூலா, இரண்டு வருஷம் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னாள். குமுதா திரையை விலக்கி உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

நிறைமதி கண் விழித்து, அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீ இன்னும் சாகலையா?"

கதையைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, நீங்கள் சொல்லுங்கள். சாகமாட்டேன் என்று தாய் சொன்னால், அடுத்த முந்திரிக்குப் பிள்ளை பயப்படாது. செத்துவிடுவேன் என்று சொன்னால், அடுத்த கோபத்துக்கு அதுவே கத்தி. வீட்டிலேயே பூட்டி வைக்கலாமென்றால், கேசரி வந்ததும் வீட்டுக்குத்தான். உண்மை சொன்ன தகப்பன், பொய் சொன்ன தாய், தன்னால் முடியாது என்ற டீச்சர், இவர்களில் யார் வழி சரி? அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்ன பதில்?

குமுதா வாயால் பதில் சொல்லவில்லை. கட்டிலை விட்டு எழுந்து, மகள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தரையில் விழுந்து, மல்லாந்து கண்களை மூடிக்கொண்டாள். நிறைமதி "அம்மா" என்றாள். பிறகு சத்தமாக "அம்மா" என்றாள். கட்டிலிலிருந்து சறுக்கி இறங்கி, தோளைப் பிடித்து உலுக்கினாள். கடைசியில் அம்மாவின் மூக்கின் கீழ் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். குமுதா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.